இடித்துப் பாடியவர்கள்: நொய்பௌட்டன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இவர்கள்?

1980இல் மேற்கு பெர்லினில் தொடங்கிய ஜெர்மன் இசைக்குழு. முழுப்பெயர் ஐன்ஷ்டுர்ட்செண்ட நொய்பௌட்டன். 'இடிந்து விழும் புதுக்கட்டடங்கள்' என்று பொருள். நாம் சுருக்கமாக நொய்பௌட்டன் என்றே அழைப்போம்.

பங்க் என்ற முரட்டு ராக் இசை அலையின் வாலைப் பிடித்து வந்தவர்கள். ஆனால் பங்க் குழுக்கள்கூட விடாமல் வைத்திருந்த கிதாரையும் டிரம்ஸையும் பாதி ஓரங்கட்டிவிட்டு, காயலான் கடைச் சரக்கை மேடையேற்றினார்கள். தகரம், லாரி ஸ்பிரிங், எண்ணெய் பீப்பாய், டிரில்லிங் மெஷின், சம்மட்டி. இதற்கெல்லாம் நடுவே எலும்பும் தோலுமாக, கண்ணை உருட்டிக்கொண்டு, தலைமுடியைத் தாறுமாறாகக் கத்தரித்த ஒருவர் நின்று அலறுவார். அவர்தான் பிளிக்ஸா பார்கெல்ட்.

பிளிக்ஸா பார்கெல்ட் என்பது நிஜப்பெயரா?

இல்லை. 1959இல் மேற்கு பெர்லினில் பிறந்தபோது வைத்த பெயர் கிறிஸ்டியான் எம்மெரிஹ். 'பிளிக்ஸா' ஒரு பேனா பிராண்டு. 'பார்கெல்ட்' என்றால் ரொக்கப்பணம். பார்கெல்ட் என்ற புனைபெயரோடு ஜெர்மனியில் 'தாதா' என்ற கலை இயக்கத்தைச் சேர்ந்த ஒரு கலைஞர் முன்பே இருந்தார், அவருக்கும் ஒரு வணக்கம் வைத்தாயிற்று. குழுவின் இன்னொரு தூணான என். யூ. உன்ரூவின் பெயரும் புனைபெயர்தான். அவர் நியூயார்க்கில் பிறந்த ஆண்ட்ரூ சுடி.

பெர்லினில் ஒரு மண்டபம் இடிந்ததால்தான் இந்தப் பெயர் வைத்தார்களாமே?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். தேதியைப் பார்த்தால் கதை தலைகீழ். குழுவின் முதல் கச்சேரி 1980 ஏப்ரல் 1 அன்று, பெர்லினில் மூன் என்ற கிளப்பில் நடந்தது. பெர்லின் காங்கிரஸ் மண்டபத்தின் கூரை சரிந்தது அதே ஆண்டு மே 21 அன்று. அதாவது பெயர் முதலில், இடிபாடு பிறகு. சாதாரண கட்டடமா அது? 1957இல் அமெரிக்கா மேற்கு பெர்லினுக்குப் பரிசளித்த நவீனப் பெருமிதம். சிப்பியின் மேல் ஓடு போல வளைந்த கான்கிரீட் கூரை. அது விழுந்ததில் ஒருவர் இறந்தார்.

ஏப்ரல் முதல் தேதி விளையாட்டுக்கு வைத்தது போலிருந்த பெயர் ஏழே வாரத்தில் தீர்க்கதரிசனம் மாதிரி ஆகிவிட்டது. அதைக் குழுவினர் மறுத்துக்கொண்டும் திரியவில்லை, விளம்பரம் யாருக்குக் கசக்கும்.

போர் முடிந்த பிறகு அவசர அவசரமாகக் கட்டிய வீடுகளைத்தான் ஜெர்மனியில் நொய்பௌட்டன் என்பார்கள். குண்டுக்குத் தப்பிய பழைய வீடுகள் உறுதியானவை, உயரமான கூரை உள்ளவை. புதியவை பெட்டி பெட்டியாக இருக்கும். நகரத்தில் வளர்ந்த எந்தப் பையனுக்கும் அந்த வித்தியாசம் தெரியும். பெயரில் இருந்த கிண்டல் அங்கே உடனே புரிந்திருக்கும்.

ஏன் மேற்கு பெர்லின்? ஹம்பர்க்கிலோ லண்டனிலோ இது நடந்திருக்காதா?

சுற்றிலும் கிழக்கு ஜெர்மனி, நடுவில் சுவருக்குள் ஒரு தீவு. அந்நகரம் சட்டப்படி நேச நாடுகளின் கட்டுப்பாட்டில் இருந்ததால் அங்கே குடியிருந்த இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை கிடையாது. ராணுவத்துக்குப் போக மனமில்லாதவர்கள் மேற்கு ஜெர்மனி முழுவதிலிருந்தும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மதுக்கடைகளை இத்தனை மணிக்கு மூட வேண்டும் என்ற விதி 1949லேயே நீக்கப்பட்டிருந்தது. ஆலைகளும் தலைமை அலுவலகங்களும் மேற்கே போய்விட்டதால் காலிக் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. 1981 வாக்கில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் இளைஞர்கள் அனுமதியில்லாமல் புகுந்து குடியிருந்தார்கள்.

ராத்திரி தூங்காத, வாடகை கொடுக்காத, நாளைக்கு என்ன ஆகும் என்று கவலைப்படாத ஒரு கூட்டம். கைக்கெட்டும் தூரத்தில் கட்டுமானப் பள்ளங்களும் இடிபாடுகளும். வேறெங்கு நடந்திருக்கும்?

தகரத்தைத் தட்டும் யோசனை யாருடையது? கலைக் கொள்கையா?

கொள்கையெல்லாம் பிறகு வந்தது. முதலில் வந்தது பணமுடை. உன்ரூவிடம் ஒரு டிரம்ஸ் செட் இருந்தது. காசில்லாமல் அதை விற்றுவிட்டார். கச்சேரி இருக்கிறது, தட்ட எதுவும் இல்லை. கட்டுமான இடங்களிலும் குப்பையிலும் கிடைத்த இரும்பைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

இந்தக் குழுவைப் பற்றிய பேச்சில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். நொய்பௌட்டன் மேடையை எல்லோரும் நாடகம் என்கிறார்கள். எனக்கு அது வேலையாகத்தான் தெரிகிறது. சம்மட்டியைத் தூக்கினால் கை வலிக்கும், கட்டிங் மெஷினை இரும்பில் வைத்தால் பொறி பறக்கும். யாரும் நடிக்கத் தேவையில்லை. கிதார்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசிப்பதில் பாதி பாவனை. பத்துக் கிலோ சம்மட்டி தூக்குகிறவர் முகத்தில் பாவனைக்கு இடமேது? வெல்டிங் பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருவில் வளர்ந்தவர்களுக்கு இந்த இசை பாதி பழக்கமானதாகவே இருக்கும்.

எதையாவது தட்டினால் இசையாகிவிடுமா? கருவிகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

காதால்தான். ஒரு பெரிய ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். தரையில் கிடந்தால் அதில் 'டக்' என்ற ஓசைதான். சட்டத்தில் தொங்கவிட்டு, உடம்பிலேயே ஒரு ஒட்டு மைக்கைப் பொருத்தி ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்தால் அதே ஸ்பிரிங் கோயில் மணியும் கீழ்ஸ்தாயி கிதாரும் கலந்த மாதிரி அதிரத் தொடங்கும். காற்றில் வரும் சத்தத்தைவிட உலோகத்துக்குள் ஓடும் அதிர்வுதான் அந்த மைக்குக்கு வேண்டியது. காதுக்கு எட்டாத முனகல்களையும் அது பிடித்துவிடும். ஸ்பிரிங்கை இவர்கள் பல ஆண்டுகள் பேஸ் கிதாரின் இடத்திலேயே பயன்படுத்தினார்கள்.

பிளாஸ்டிக் குழாய் இன்னொரு உதாரணம். நீளம் கூடினால் சுருதி இறங்கும், குறைந்தால் ஏறும். வேண்டிய நீளத்துக்கு அறுத்து, குழாயின் வாயில் செருப்பு மாதிரி தட்டையான ஒன்றால் அறைந்தால் சுருதி சுத்தமான தாளக்கருவி தயார். சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி, செங்கல், மணல், காற்றுக் கம்ப்ரசர், விமானத் துண்டு என்று பட்டியல் நீளும். பிற்காலத்தில் உன்ரூ கிட்டத்தட்ட முழுநேரக் கருவி ஆசாரியாகவே ஆகிவிட்டார்.

முதல் பதிவை ஒரு பாலத்துக்குள் செய்தார்களா?

ஆமாம், 1980 ஜூனில். பெர்லினின் நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் உட்குழிவில் பிளிக்ஸாவும் உன்ரூவும் நுழைந்தார்கள். கையில் ஒரு சாதாரண கேசட் ரெக்கார்டர். நிமிர்ந்து நிற்கக்கூடச் சிரமமான இடம். தலைக்கு மேல் வண்டிகள் ஓட, பாலத்தின் சுவரையே தட்டி வாசித்தார்கள். 'எஃகு இசை' என்ற பொருளில் பெயரிட்டு கேசட்டாக வெளியிட்டார்கள். ஒலித்தரம் பரிதாபம்தான். ஆனால் கேட்டுப்பாருங்கள், அந்தக் கான்கிரீட் அறையின் அளவு காதில் தெரியும்.

ஆரம்பத்தில் பெண்களும் இருந்தார்களே, என்ன ஆனார்கள்?

முதல் கச்சேரியில் நால்வர்: பிளிக்ஸா, உன்ரூ, பேயாட்ட பார்ட்டெல், குட்ருன் கூட். பின்னிருவரும் சீக்கிரமே விலகி வேறு குழுக்கள் தொடங்கினார்கள். அதில் ஒன்று மலாரியா, அந்தக் கால பெர்லினின் முக்கியமான பெண்கள் குழு. குட்ருன் கூட் நடத்திய ஐசென்கிராவ் என்ற சிறு துணிக்கடைதான் இந்தக் கூட்டம் சந்திக்கும் இடமாக இருந்தது. நொய்பௌட்டன் வரலாற்றை ஆண்களின் சம்மட்டி வரலாறாகச் சுருக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தக் கடை இல்லாமல் குழுவே இல்லை.

பிறகு யார் சேர்ந்தார்கள்?

ஹம்பர்க்கின் ஆப்வெர்ட்ஸ் குழுவிலிருந்து எஃப். எம். ஐன்ஹைட், பிறகு மார்க் சுங். பெர்லினிலிருந்து அலெக்சாண்டர் ஹாக்க. ஹாக்க 1965இல் பிறந்தவர், சேரும்போது பள்ளிக்கூடத்துப் பையன் வயது. இந்த ஐவர் கூட்டணிதான் 1990களின் நடுப்பகுதி வரை நீடித்தது. ஐன்ஹைட்டை எல்லோரும் முஃப்டி என்று கூப்பிடுவார்கள். மேடையில் சட்டையில்லாமல் இரும்போடு மல்லுக்கட்டும் படங்களைப் பார்த்திருந்தால் அது பெரும்பாலும் அவர்தான்.

இது பங்க் தானா? நாய்ஸ் (இரைச்சல் இசை) என்கிறார்கள், இண்டஸ்ட்ரியல் (தொழிற்சாலை இசை) என்கிறார்கள்.

வாசிக்கத் தெரியாவிட்டாலும் மேடையேறலாம் என்ற துணிச்சல் பங்கிடமிருந்து வந்தது. ஆனால் பங்க் 1980க்குள் மூன்று கார்டு (சுரக்கூட்டு), வேகமான தாளம் என்று தனக்கே ஒரு இலக்கணம் எழுதிக்கொண்டுவிட்டது. அந்த இலக்கணத்தையும் வேண்டாம் என்ற கூட்டம் பெர்லினில் திரண்டது. 1981 செப்டம்பர் 4 அன்று, சுவரையொட்டி போட்ஸ்டாமர் பிளாட்ஸில் இருந்த டெம்போட்ரோம் சர்க்கஸ் கூடாரத்தில் ஒரு விழா நடத்தினார்கள். 'மேதாவி அரைகுறைகள்' என்று தங்களுக்குப் பட்டம் சூட்டிக்கொண்டார்கள், அந்தச் சொல்லையும் எழுத்துப்பிழையோடு அச்சடித்தார்கள். நொய்பௌட்டனோடு டீ ட்யோட்லிஷ டோரிஸ் போன்ற குழுக்களும் அன்று மேடையேறின. தப்பாக வாசிப்பதைப் பாடமாக எடுத்துக்கொண்டவர்கள்.

பிரிட்டனின் இண்டஸ்ட்ரியல் குழுக்கள் டேப்பையும் சிந்தசைசரையும் வைத்துத் தொழிற்சாலையை நினைவூட்டினார்கள். இவர்கள் தொழிற்சாலையையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். எந்தப் பெட்டியில் போட வேண்டும் என்பது கடைக்காரர் கவலை.

முதல் ஆல்பம் எப்படி இருக்கும்?

'கொல்லாப்ஸ்', 1981, ஹம்பர்க்கின் சிக்சாக் நிறுவன வெளியீடு. தலைவலி உள்ள நாளில் கேட்காதீர்கள். ஒரு பாட்டு டிரில்லிங் மெஷின் சத்தத்தோடுதான் தொடங்கும். பிளிக்ஸாவின் குரல் பாடுவதற்கும் கத்துவதற்கும் நடுவே எங்கோ நிற்கும். கேட்பவர் இதை ரசித்துவிடக் கூடாது என்பதே நோக்கம் போலிருக்கும்.

ஆனால் அட்டையைப் பாருங்கள். பெர்லின் ஒலிம்பிக் ஸ்டேடியத்தின் முன்னால், தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் தரையில் ஒழுங்காகப் பரப்பிவைத்துவிட்டு, பின்னால் விறைப்பாக நிற்கிறார்கள். பிங்க் ஃபிளாய்ட் 1969இல் தங்கள் விலையுயர்ந்த கருவிகளை விமான ஓடுபாதையில் பரப்பி எடுத்துக்கொண்ட படத்துக்கு நக்கல். 1936இல் ஹிட்லர் ஒலிம்பிக் நடத்திய ஸ்டேடியத்தைப் பின்னணியாக வைத்தது சும்மா இல்லை. இவர்கள் எப்போதும் முறைத்துக்கொண்டே இருப்பவர்கள் என்ற பேச்சு பரவியிருக்கிறது. எனக்கென்னவோ, அவர்களுடைய நகைச்சுவையைப் பலர் தவறவிட்டார்கள் என்றே படுகிறது.

லண்டனில் மேடையையே தோண்டினார்களாமே? என்னதான் நடந்தது?

1984 ஜனவரி 3. இடம் ஐசிஏ என்ற சமகாலக் கலை நிறுவனம். பக்கிங்ஹாம் அரண்மனைக்கு இட்டுச்செல்லும் ராஜபாட்டையான 'தி மால்' சாலையிலேயே இருக்கிறது. நிகழ்ச்சியின் பெயர் 'குரலுக்கும் இயந்திரங்களுக்குமான கச்சேரி'. நொய்பௌட்டனின் உறுப்பினர்களோடு பிரிட்டனைச் சேர்ந்த இசைக்கலைஞர்கள் ஃபிராங்க் டோவி, ஜெனசிஸ் பி-ஓரிட்ஜ், நொய்பௌட்டனின் பதிவு நிறுவனத்தை நடத்திய ஸ்டீவோ ஆகியோரும் மேடையில் இருந்தார்கள். பிளிக்ஸா அதில் பங்கெடுக்கவில்லை.

மேடையில் கான்கிரீட் கலவை மெஷின்கள், சங்கிலி ரம்பங்கள், ரோடு உடைக்கும் டிரில்லர்கள். சாதாரண கச்சேரிக்குச் சரக்கு வண்டியில் ஸ்பீக்கர் வரும், இங்கே கட்டடக் காண்டிராக்டரின் சாமான் வந்து இறங்கியது. கலவை மெஷின் சுற்ற, ரம்பம் மரத்தைக் கிழிக்க, பொறியும் புழுதியும் கூட்டத்தின் மேல் விழ, டிரில்லர் மேடைப் பலகையைத் தாண்டிக் கீழே இறங்க ஆரம்பித்தது. கட்டடத்துக்கு அடியில் அரசாங்கச் சுரங்கப்பாதைகள் ஓடுகின்றன, அதுவரை தோண்டுவதுதான் திட்டம் என்ற பேச்சும் கூடவே கிளம்பியது.

அரை மணிகூட ஆகவில்லை, ஐசிஏ ஊழியர்கள் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். அதோடு அடங்கியிருந்தால் ஒரு செய்தித்துணுக்காகப் போயிருக்கும். கூட்டம் கருவிகளைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. இழுபறி, கூச்சல், உடைப்பு. அன்று எவ்வளவு சேதம், யார் யாரைத் தள்ளினார்கள் என்பதில் ஆளுக்கொரு கதை உண்டு. அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் எண்ணிக்கை அந்த அரங்கின் கொள்ளளவைப் பல மடங்கு தாண்டியிருக்கும்.

இதற்கு ஒரு வேடிக்கையான பின்கதை. 2007இல் ஜோ மிட்செல் என்ற கலைஞர் அதே ஐசிஏவில் அந்த நிகழ்ச்சியை மறுபடி நிகழ்த்தினார். கலகமும் ஒத்திகை பார்க்கப்பட்டது, இடையில் நிறுத்தப்பட்டதும் ஒத்திகைப்படி. 1984இல் மின்சாரத்தைப் பிடுங்கிய நிறுவனம் இந்த முறை டிக்கெட் கொடுத்தது. பாதுகாப்பு ஏற்பாடுகள் சிறப்பாக இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வேறு எங்கெல்லாம் இப்படி?

அதே 1984இல் கலிஃபோர்னியாவில். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ரசிகர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாலைவனத்தில் இறக்கி நடத்திய கச்சேரி. ஸ்டூவர்ட் ஸ்வீஸி என்பவர் ஏற்பாடு. இயந்திரங்களை மோதவிட்டு வெடிவைத்துக் காட்சி நடத்தும் மார்க் பாலினும் அன்று உண்டு. பாறைச்சுவர்களுக்கு நடுவே இரும்பைத் தட்டியபோது மலையே எதிரொலித்ததாம். கூரையே இல்லாத இடத்தில் இடிப்பதற்கு என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

உண்மையான நாடகத்தோடு தொடர்பு உண்டா?

நிறைய. நாடகக்காரர்கள்தான் இவர்களை முதலில் சரியாகப் புரிந்துகொண்டார்கள். 1987இல் பீட்டர் சாடெக் என்ற பெரிய இயக்குநர் ஹம்பர்க் நாடக அரங்கில் போட்ட 'ஆண்டி' (ஆள் பெயர்) நாடகத்துக்கு நொய்பௌட்டன் மேடையிலேயே வாசித்தது. மானியத்தில் நடக்கும் அரசு நாடக அரங்கம், சந்தா கட்டி நல்ல உடுப்பில் வரும் பார்வையாளர்கள், எதிரே இந்தச் சத்தம். கற்பனை செய்துகொள்ளுங்கள்.

கிழக்கு ஜெர்மனியின் நாடகாசிரியர் ஹைனர் ம்யுல்லர் அடுத்த கூட்டாளி. அவருடைய 'ஹாம்லெட் மெஷின்' எழுத்தில் சில பக்கங்கள்தான், மேடையேற்ற முடியாது என்றே பலர் ஒதுக்கிவைத்த பிரதி. 1990இல் கிழக்கு ஜெர்மன் வானொலிக்காக அதை ஒலி நாடகமாக்கினார்கள். பிளிக்ஸா ஹாம்லெட், தொடக்க கால உறுப்பினர் குட்ருன் கூட் ஒஃபீலியா. மேடைக் குறிப்புகளை ம்யுல்லரே சுருட்டுப் புகையில் ஊறிய தன் குரலில் வாசிக்கிறார். இந்தக் குழு செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று.

ஜப்பானும் உண்டு. 1985இல் அங்கே போனபோது சோகோ இஷி என்ற இயக்குநர் கைவிடப்பட்ட இரும்பாலை ஒன்றில் இவர்களை வாசிக்கவைத்துப் படமெடுத்தார். உடம்பெல்லாம் வெள்ளை பூசிய புட்டோ நடனக்குழுவினர் துருப்பிடித்த யந்திரங்களுக்கு நடுவே ஊர்ந்து வருவார்கள். 'ஹால்பர் மென்ஷ்' என்று தேடினால் கிடைக்கும். நொய்பௌட்டனை ஒரே ஒருமுறை பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

பெர்லின் சுவர் விழுந்தபோது என்ன செய்தார்கள்?

1989 நவம்பர் 9 அன்று சுவர் திறந்தது. டிசம்பர் 21 அன்று கிழக்கு பெர்லினின் லிஷ்டன்பெர்க் பகுதியில், எலக்ட்ரோகோலெ என்ற அரசு ஆலையின் அரங்கில் நொய்பௌட்டன் வாசித்தது. ஹைனர் ம்யுல்லர் உதவினார். பிரான்சின் கலாச்சார அமைச்சர் ஜாக் லாங் கூட வந்திருந்தார். பல ஆண்டுகளாகக் கள்ள கேசட்டிலும் மேற்கத்திய வானொலியிலும் மட்டும் கேட்டவர்களுக்கு முதல் நேரடிக் கச்சேரி. ஆலை இரும்பை இசையாக்கிய குழு, நிஜ ஆலைத்தொழிலாளர் அரங்கில். ஆனால் அந்த நாட்டின் ஆலைகளே அடுத்த சில ஆண்டுகளில் வரிசையாக மூடப்பட்டன. அந்த இரவைப் பற்றி உலி ஷ்யுப்பெல் பின்னாளில் ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

அதற்குச் சற்றுமுன் வந்த 'பொய்யின் வீடு' ஆல்பத்தில் மேற்கு பெர்லினின் கிராய்ட்ஸ்பெர்க் பகுதி மே தினக் கலவரச் சத்தங்களையும் பதிவுசெய்து சேர்த்திருந்தார்கள். தெருவையும் ஒரு கருவியாகப் பார்த்த குழு.

அயர்லாந்தின் ராக் குழு யூ2வோடு சுற்றுப்பயணம் போனது உண்மையா?

போனார்கள், ஒரே ஒரு கச்சேரி. 1993. ஸ்டேடியம் நிறைய யூ2 ரசிகர்கள், இரும்புச் சத்தத்துக்கு ஊளையும் எறிதலும் பதில். மேடையிலிருந்து ஓர் இரும்புத்தண்டு கூட்டத்தை நோக்கிப் பறந்தது. அதோடு பயணம் முடிந்தது.

மற்ற இசைக்காரர்களிடம் தாக்கம்?

நேரடியாகத் தெரிவது பிரிட்டனின் பாப் குழுவான டெபெஷ் மோட். 1983, 84இல் அவர்கள் பாட்டுகளில் கேட்கும் உலோகத் தட்டல்களுக்கு நொய்பௌட்டன் கச்சேரிதான் பொறி. பெர்லினின் ஹான்சா ஸ்டுடியோவும் ஒலிப்பொறியாளர் கேரத் ஜோன்ஸும் இரு தரப்புக்கும் பொது. நொய்பௌட்டன் மூச்சைப் பிடித்துத் தட்டியதை டெபெஷ் மோட்காரர்கள் சாம்ப்ளர் கருவியில் பொத்தானாக்கி ஹிட் கொடுத்தார்கள். சொல்லிக் குற்றமில்லை, பாட்டுகள் நன்றாகத்தான் இருக்கின்றன.

ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவ் நொய்பௌட்டனை டிவியில் பார்த்து மலைத்துப்போய், பின்பு பிளிக்ஸாவைத் தன் பேட் சீட்ஸ் குழுவில் கிதார்காரராகச் சேர்த்துக்கொண்டார். கிதார் பிடிக்காது என்று சொல்லிக்கொண்ட மனிதர் 2003 வரை அங்கே கிதார் வாசித்தார்!

ஏன் பிற்கால ஆல்பங்கள் இவ்வளவு அமைதியாக இருக்கின்றன? வயதாகிவிட்டதா?

வயதும் ஒரு காரணம். ஆட்கள் மாறியது இன்னொன்று. மார்க் சுங் 1994இலும், இரும்பின் முகமாக இருந்த ஐன்ஹைட் அடுத்த ஆண்டிலும் விலகினார்கள். கிதாரில் யோஹன் ஆர்பைட், தாளத்தில் ருடால்ஃப் மோசர் வந்தார்கள். பழைய ரசிகர்களில் பாதிப்பேர் அங்கேயே கதையை முடித்துக்கொள்கிறார்கள்.

நான் அந்தக் கட்சியில் இல்லை. ஒட்டு மைக்கை வைத்துக்கொண்டு இருபது வருஷம் உலோகத்தின் முனகலைக் கேட்டவர்களுக்கு, சின்னச் சத்தங்களில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். 2000இல் வந்த 'சைலன்ஸ் இஸ் செக்ஸி'யின் தலைப்புப் பாட்டில் பிளிக்ஸா சிகரெட் பற்றவைத்து இழுக்கிறார். புகையிலை கருகும் அந்தச் சரசரப்புதான் அங்கே தாளவாத்தியம். நடுவில் வாசிப்பு நின்றுவிடும். கச்சேரியில் இதை வாசிக்கும்போது கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், யாராவது இருமினால் அதுவும் பாட்டில் சேர்ந்துவிடும். டிரில்லரைவிட இதற்கு நெஞ்சழுத்தம் அதிகம் வேண்டும்.

ரசிகர்களிடமே பணம் வாங்கி ஆல்பம் போட்ட முதல் குழு இவர்களா?

முதல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், முன்னோடிகள் என்று தாராளமாகச் சொல்லலாம். மக்களிடம் பணம் திரட்டும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டர் வந்தது 2009இல். இவர்கள் 2002லேயே தங்கள் இணையதளத்தில் ஆதரவாளர் திட்டம் தொடங்கிவிட்டார்கள். பிளிக்ஸாவின் மனைவி எரின் ஜூ அதன் தொழில்நுட்ப மூளை. சந்தா கட்டியவர்கள் ஸ்டுடியோ ஒத்திகையை வெப்கேமில் நேரடியாகப் பார்த்தார்கள், கருத்துச் சொன்னார்கள், கடையில் கிடைக்காத பதிவுகளைப் பெற்றார்கள். 2007இன் 'ஆல்லஸ் வீடர் ஓஃபன்' பதிவு நிறுவனத்தின் பணம் இல்லாமலே இப்படி உருவானது.

2004 நவம்பரில் இந்த ஆதரவாளர்களைக் கூட்டிக்கொண்டு பெர்லினின் 'பாலஸ்ட் டெர் ரெபுப்ளிக்' கட்டடத்துக்குள் போனார்கள். கிழக்கு ஜெர்மனியின் நாடாளுமன்றம் இருந்த மாளிகை. ஆஸ்பெஸ்டாஸ் அகற்றுகிறோம் என்று உள்ளே எல்லாவற்றையும் பிய்த்தெடுத்து வெறும் எஃகுக் கூடாக விட்டிருந்தார்கள். ரசிகர்கள் அங்கே பாடகர் குழுவாக நின்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அதையும் இடித்துத் தள்ளினார்கள். இப்போது அந்த இடத்தில் பழைய அரண்மனையின் முகப்பை ஒட்டிய புதுக்கட்டடம் நிற்கிறது.

'லமெண்ட்' பற்றிச் சொல்லுங்கள். போர் பற்றியதா?

முதல் உலகப்போரின் நூற்றாண்டுக்காக பெல்ஜியத்தின் டிக்ஸ்முய்ட நகரம் கேட்டு, 2014 நவம்பரில் அங்கேயே அரங்கேறியது. மேற்கு முனையில் தரைமட்டமான ஊர் அது. இதில் ஒரு பகுதி முழுக்க பிளாஸ்டிக் குழாய்களுக்காக எழுதப்பட்டது. போரில் இறங்கிய ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு குழாய். ஒரு தட்டு என்றால் போரின் ஒரு நாள். எந்த நாடு எந்த நாளில் போருக்குள் வந்ததோ அந்தத் தட்டில் அதன் குழாய் ஒலிக்கத் தொடங்கும், வெளியேறினால் நின்றுபோகும். நிமிடத்துக்கு 120 தட்டு வீதம் நான்கேகால் ஆண்டுப் போர் பதின்மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நாடுகளின் பெயரும் தேதியும் அறிவிப்பு போல ஓதப்படுகின்றன. உணர்ச்சி பொங்கும் வயலின் எதுவும் கிடையாது. சேரும் நாடுகள் கூடக் கூடத் தாளம் சிக்கலாகி, கிட்டத்தட்ட ஆட்டம்போட வைக்கும் அளவுக்கு அழகாகிவிடுகிறது. நன்றாக இருக்கிறதே என்று கால் தாளம் போடும்போதுதான் எதற்குத் தாளம் போடுகிறோம் என்பது உறைக்கும்.

முள்கம்பியில் செய்த யாழ் ஒன்றும் இதில் உண்டு. போர்க்காலத்தில் ஜெர்மன் முகாம்களில் மொழி ஆய்வுக்காக எடுக்கப்பட்ட கைதிகளின் குரல் பதிவுகளையும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஜெர்மன் தெரியாமல் கேட்கலாமா?

தாராளமாக. நானும் மொழிபெயர்ப்பு வைத்துக்கொண்டுதான் வரிகளைப் படிக்கிறேன்.

எங்கே தொடங்குவது?

'கொல்லாப்ஸ்' வேண்டாம், மிரண்டுவிடுவீர்கள். 1985இன் 'ஹால்பர் மென்ஷ்' நல்ல வாசல், சத்தமும் பாட்டும் அங்கே கை குலுக்குகின்றன. தலைப்புப் பாட்டில் கருவியே இல்லை, பல குரல்கள் மட்டும். பிறகு 'சைலன்ஸ் இஸ் செக்ஸி', பிறகு 'லமெண்ட்'. இவ்வளவும் பிடித்திருந்தால் அப்போது 'கொல்லாப்ஸ்' போடலாம். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து.

பிளிக்ஸா வன்பொருள் கடை விளம்பரத்தில் நடித்தாராமே?

நடித்தார். ஹோர்ன்பாஹ் என்பது ஜெர்மனியில் பெயிண்ட், ஆணி, டிரில்லிங் மெஷின் விற்கும் பெரிய சங்கிலிக் கடை. அதன் விளம்பரத்தில் அவர் கடையின் சரக்குப் பட்டியலை உயர்ந்த கவிதையை வாசிப்பது போல வாசிக்கிறார். விலைபோய்விட்டார் என்று சிலர் திட்டினார்கள். எனக்கு அது மிகப் பொருத்தமாகத்தான் பட்டது. அந்தக் கடைச் சாமான்களுக்கு இவ்வளவு காலம் இலவச விளம்பரம் செய்தவருக்கு யாராவது ஒருநாள் காசு கொடுக்கத்தானே வேண்டும்?

இன்னும் வாசிக்கிறார்களா?

2020இல் 'ஆல்லஸ் இன் ஆல்லம்', 2024இல் 'ராம்பன்' என்று ஆல்பங்கள் வந்தன. மேடையில் முன்தயாரிப்பில்லாமல் ஆரம்பித்து எங்கே போகிறது என்று பார்ப்பதை இவர்கள் பல ஆண்டுகளாக 'ராம்ப்' என்பார்கள், ஏற்றப்பாதை என்ற பொருளில். 2022 சுற்றுப்பயணத்தில் அப்படிப் பிறந்த துண்டுகளையே ஸ்டுடியோவில் பாட்டுகளாக்கினார்கள். பெரும்பாலான குழுக்கள் நாற்பது வருஷம் ஆனபிறகு பழைய ஹிட்டுகளை வைத்துத்தான் ஊர் சுற்றுவார்கள். இவர்கள் அந்த வயதிலும் கச்சேரியின் ஒரு பகுதியில் என்ன வாசிக்கப்போகிறோம் என்று தெரியாமல் மேடையேறிக்கொண்டிருந்தார்கள்.